தலை முறிந்த வயலின் வில்: ஒட்டினால் நிற்குமா?

வில்முனை | ஜனவரி 9, இரவு 9:10
வயலின் வில், பெர்னாம்புகோ மரத்துல செஞ்ச குச்சி. தலை முறிஞ்சிருச்சு. குச்சிக்குக் கொஞ்சம் கீழே, குச்சிக்கு இணையான கோட்டுல ரெண்டா விட்டிருக்கு. துண்டு எதுவும் தொலையல. நல்ல சூப்பர் க்ளூ மரத்தைவிட பலம், ஒட்டிட்டா போதும், தலைக்குள்ள எதையும் நுழைக்கத் தேவையில்லனு சொல்றாங்க. சரிதானே?

உப்புத்தாள் | ஜனவரி 9, இரவு 9:55
பசை மரத்தைவிட பலமாவே இருக்கட்டும். அதனால என்ன? அங்க முறிஞ்சது மரம்தானே.

வில்லுல நார் குச்சி நீளத்துக்கு ஓடுது. தலை அதுக்குக் குறுக்கே கீழே இறங்குது. அதனால தலையைக் குச்சியோட பிடிச்சு வைக்கிற நார்னு ஒண்ணு அங்க இல்லவே இல்லை. ஒரு நாருக்கும் அடுத்த நாருக்கும் இடையில இருக்கிற ஒட்டுதல் மட்டும்தான். வில்லோட குதிரை முடியை வாசிக்கிற அளவுக்கு முறுக்கினா சுமார் 6 கிலோ இழுவை வரும், அதுவும் தலையோட அடிநுனியில, ஃப்ராக் (பிடிப்பக்கம் முடியைப் பிடிச்சு நகர்ற கட்டை) பக்கமா. தொண்டைப் பக்கம் (தலையில ஃப்ராக்கைப் பார்த்த உள்வளைவு) அமுங்கும், எதிர்ப்பக்கத்து முன்முகடு பிளக்கப் பார்க்கும். பசை மட்டும் போட்டா பழைய நிலைமைக்குத்தான் திரும்புவீங்க, அந்த நிலைமையிலதான் முறிஞ்சது. விரிசலைக் குறுக்கே கடந்து போற நார் ஏதாவது உள்ள வைக்கணும். அதுக்குத்தான் ஸ்ப்ளைன், அதாவது பிளவு அறுத்து உள்ள பதிக்கிற மெல்லிய தகடு.

வில்முனை | ஜனவரி 9, இரவு 10:20
புரியுது. பசை இன்னும் போடல. துண்டு ரெண்டையும் சும்மா சேர்த்துப் பார்த்தா கச்சிதமா பொருந்துது.

உப்புத்தாள் | ஜனவரி 9, இரவு 10:24
இனி சேர்த்துப் பார்க்காதீங்க. ஒவ்வொரு தடவையும் முறிவு முகத்துல இருக்கிற நுண்ணிய நார் கொஞ்சம் மடங்கும். நாலஞ்சு தடவை ஆனா பொருந்தாது, கோடு தெரியும். முடியைத் தளர்த்தி, தலைப் பக்கம் கத்தரிச்சு விடுங்க. தெறிச்ச சில்லு இருந்தா காகிதத்துல மடிச்சு வைங்க, கடுகளவா இருந்தாலும் சரி.

அரை மில்லிமீட்டர் | ஜனவரி 10, காலை 6:40
விலைமதிப்புள்ள வில் என்றால் இங்கேயே நிறுத்திவிட்டு வில் பழுதுபார்ப்பவரிடம் கொடுத்துவிடுங்கள். தலை முறிந்த வில் எவ்வளவு நன்றாகச் சரிசெய்யப்பட்டாலும் சந்தை மதிப்பில் பெரும்பகுதியை இழந்துவிடும். மிச்சத்தையாவது காப்பாற்ற வேண்டும். சாதாரண வில் என்றால் வேலை இப்படிப் போகும்.

முதலில் தலைக்குள் முடியைப் பிடித்து வைத்திருக்கும் மரமுளையை எடுத்துவிட வேண்டும். முளை உள்ளே இருக்கும்போது ஒட்டினால் அது பக்கச் சுவரைத் தள்ளிக்கொண்டே இருக்கும், விரிசல் முழுதாக மூடாது. பிறகு உலர் ஒத்திகை: பசை இல்லாமல் ஒரே ஒரு தடவை, பிடிமானம் எப்படி என்று பார்க்க. வில் தலையின் வடிவத்துக்குச் சாதாரணக் கவ்வி உட்காராது. சைக்கிள் ட்யூப்பை 5 மி.மீ. அகலத்துக்கு நறுக்கிய பட்டை போதும். தலையின் அடியிலிருந்து குச்சியின் முதுகுக்கு இரண்டு சுற்று, தொண்டைக்கு ஒரு சுற்று. இழுத்தால் துண்டு பக்கவாட்டில் நழுவுகிறதா என்று இந்த ஒத்திகையில்தான் தெரியும்.

முறிவு புதிது, அழுக்குப் படவில்லை என்றால் நீர்த்த சயனோ, அதாவது சூப்பர் க்ளூ. ஒரு முகத்தில் மட்டும் மெல்லிய பூச்சு. கெட்டியான எபாக்ஸி போட்டால் பசைக்கோடு தடிக்கும், சில்லுகளும் தம் இடத்தில் உட்காராது. வழிந்ததை ஈரமாக இருக்கும்போது துடைக்கக் கூடாது, பாலிஷும் சேர்ந்து உரிந்துவிடும். காய்ந்தபின் கூரான கத்தியால் சுரண்டி எடுங்கள். ஒருநாள் விடுங்கள்.

அதன்பிறகு ஸ்ப்ளைன். தலையின் முன்முகட்டில், நட்ட நடுவில், வில்லின் நீளவாட்டில் ஒரு பிளவு அறுக்க வேண்டும். அகலம் 1 முதல் 1.2 மி.மீ. விரிசலுக்கு மேலும் கீழும் 7 மி.மீ.யாவது போக வேண்டும். ஆழம் தொண்டையை நோக்கிப் போகும். தொண்டையில் 3 மி.மீ. மரம் மிஞ்ச வேண்டும். அந்தப் பிளவுக்குப் பொருந்தும் பெர்னாம்புகோ தகடு, நார் தலையின் உயரவாட்டில் ஓடும்படி. இதை மாற்றி வைத்தால் விரிசலோடு சேர்ந்து ஸ்ப்ளைனும் அதே கோட்டில் பிளக்கும், செய்த வேலை வீண். தகடு விரல் அழுத்தத்தில் உள்ளே போக வேண்டும். சுத்தியலால் தட்ட வேண்டியிருந்தால் இன்னும் ஒரு உப்புத்தாள் இழுப்பு பாக்கி என்று அர்த்தம். இங்கே பசை எபாக்ஸிதான், சாவகாசமாகக் காய்கிற வகை, ஐந்து நிமிட வகை அல்ல.

கருங்காலி | ஜனவரி 10, காலை 8:05
கார்பன் தகடு 0.8 மி.மீ.ல கிடைக்குது. மரத்துக்குப் பதில் அது போட்டா பிளவையும் ஒல்லியா அறுக்கலாமே.

அரை மில்லிமீட்டர் | ஜனவரி 10, காலை 8:30
போடலாம். பலம் அதிகம். ஆனால் முகட்டில் கறுப்புக் கோடு தெரியும், பின்னால் யாராவது மறுபடி வேலை செய்ய நேர்ந்தால் உளி மழுங்கும். பளபளப்பான பக்கத்தை 180 எண் உப்புத்தாளில் சொரசொரப்பாக்காமல் எபாக்ஸி பிடிக்காது. தூள் மூச்சில் போகக் கூடாது, முகமூடி அவசியம்.

உப்புத்தாள் | ஜனவரி 10, பகல் 1:15
பழைய ரிப்பேர்ல சில பேர் தலைக்குள்ள ஆணி, சின்ன ஸ்க்ரூ எல்லாம் இறக்கியிருப்பாங்க. அதை மட்டும் பண்ணாதீங்க. துளை போடுற இடத்துல மரம் குறையுது, உலோகம் மரத்தோட சேர்ந்து சுருங்கி விரியாது. அடுத்த முறிவு அந்தத் துளை வழியாத்தான் வரும்.

செல்லோக்காரி | ஜனவரி 11, மாலை 7:30
எப்படி ஒட்டுறதுன்னே பேசிட்டிருக்கீங்க. ஏன் முறிஞ்சதுனு யாரும் கேக்கலையே. கீழே விழுந்துச்சா?

வில்முனை | ஜனவரி 11, இரவு 8:00
விழல. பெட்டிக்குள்ள இருந்தது. திறந்து பார்த்தப்ப முறிஞ்சிருந்தது. ரெண்டு மாசம் முன்னாடி முடி மாத்தினது.

கருங்காலி | ஜனவரி 11, இரவு 8:12
ஆகா. ஆள் கிடைச்சுட்டான். முளையைப் பாருங்க.

கருங்காலி | ஜனவரி 11, இரவு 8:50
விளக்கமா சொல்றேன். தலைக்குள்ள இருக்கிற குழியில முடிக்கட்டு உள்ள, அதுக்கு மேல மரமுளை. முளை இறுக்கத்தால நிக்கக் கூடாது. குழியோட ஒரு சுவர் உள்பக்கமா சாய்ஞ்சிருக்கும். முளையும் அதே சாய்வுல செதுக்கியிருந்தா, முடி இழுக்க இழுக்க அதுவே தன்னைப் பூட்டிக்கும். முன்னும் பின்னும் பிடிச்சா போதும். வலது இடது சுவரைத் தொடலாம், தள்ளக் கூடாது. அந்தச் சுவர் அடியில ஒண்ணரை ரெண்டு மி.மீ. தடிமன்தான் இருக்கும். அவசரத்துல பெரிசா ஒரு முளை செதுக்கி தட்டி இறக்கினா அன்னைக்கு ஒண்ணும் ஆகாது. காத்துல ஈரம் ஏறும்போது முளை உப்பும், சுவர் விரியும்.

முளைக்கு மெத்தான மரம்தான்: லிண்டன், பாப்லார், வில்லோ. கொஞ்சம் கெட்டியா வேணும்னா மேப்பிள். கருங்காலியில முளை போடுறவங்களை (என் பேரை வச்சு யாரும் ஆரம்பிக்காதீங்க) தூரத்துலயே கும்பிட்டு அனுப்பிடுங்க. முளையைப் பசை போட்டு ஒட்டுறதும் அப்படியே. அடுத்த தடவை முடி மாத்துறப்ப அதைக் குடைஞ்சுதான் எடுக்கணும், குடையும்போது சுவர் போயிடும்.

செல்லோக்காரி | ஜனவரி 11, இரவு 9:25
முளை மேல மட்டும் பழி போட முடியாது. மழைக்காலத்துல முடி மாத்தினா முடி ஈரத்துல நீண்டிருக்கும். அந்த அளவுக்குச் சரியா கட்டினா, காய்ஞ்ச காலத்துல முடி சுருங்கும். அப்போ ஃப்ராக்கை முழுசா முன்னாடி தள்ளினாலும் முடி விறைப்பாவே நிக்கும். ஸ்க்ரூவைத் தளர்த்திட்டோம்னு நினைச்சு பெட்டியில வைப்பீங்க, ஆனா தலை ராத்திரி பகலா இழுபட்டுட்டே இருக்கும். ஈரப்பதம் 40 முதல் 60 சதவீதத்துக்குள்ள இருந்தா பரவாயில்லை. அதுக்கு மேல இருக்கிற நாள்ல முடி கட்டினா 2, 3 மி.மீ. கூடுதலா விட்டுத்தான் கட்டணும்.

சோதனை சுலபம். ஃப்ராக்கை முன்னாடி கடைசி வரைக்கும் கொண்டு வாங்க. முடி தொளதொளன்னு தொங்கணும். தொங்கலைனா அந்த முடி குட்டை. முடியை வெட்டி எறியுங்க, வில்லைக் காப்பாத்துங்க.

வில்முனை | ஜனவரி 12, காலை 7:00
முளையை எடுத்தாச்சு. அடர்ந்த பழுப்பு நிறம், நகம் பதியல. பக்கச் சுவர்ல பசை மினுமினுப்பு இருக்கு.

கருங்காலி | ஜனவரி 12, காலை 7:03
கெட்டி மரமும் பசையுமா. ரெண்டு கண்டமும் ஒரே வீட்டுல.

அரை மில்லிமீட்டர் | ஜனவரி 12, காலை 9:20
அந்தப் பசையைச் சுரண்டி எடுத்த பிறகுதான் ஒட்ட வேண்டும். குழிக்குள் 2 மி.மீ. உளி, வெளிச்சம், பொறுமை. கரைப்பான் ஊற்றாதீர்கள். பெர்னாம்புகோவின் சாயம் சாராயத்தில் கரைந்து முறிவு முகத்துக்கு ஓடும், அதன்மேல் பசை சரியாகப் பிடிக்காது.

தலையின் அடித்தகட்டையும் பாருங்கள். எலும்போ பிளாஸ்டிக்கோ, அதன் கீழே மெல்லிய கருங்காலிப் பட்டை இருக்கும். இரண்டும் சேர்ந்துதான் குழியின் விளிம்பைக் காக்கின்றன. தகடு நடுவில் வெடித்திருந்தால் மாற்றிவிடுங்கள். ஸ்ப்ளைன் வேலை முடிந்த பிறகு மாற்றினால் பிளவின் அடிவாயையும் அதுவே மூடிவிடும்.

செல்லோக்காரி | ஜனவரி 12, பகல் 12:40
தகடுன்னு வந்தா ஒண்ணு. பழைய வில்லுல யானைத் தந்தம் இருக்கும். அதோட எல்லை தாண்டுறது தலைவலி, ஆப்பிரிக்க யானையை சைட்டீஸ் (அழியுற உயிரினங்களோட வணிகத்தைக் கட்டுப்படுத்துற சர்வதேச ஒப்பந்தம்) முதல் பட்டியலுக்கு ஏத்த முடிவானது 1989ல. பெர்னாம்புகோவும் 2007ல இருந்து ரெண்டாம் பட்டியல்ல இருக்கு. தந்தம் உடைஞ்சா எலும்பு போடுங்க, பார்வைக்குப் பெரிய வித்தியாசம் இல்லை. வெள்ளித் தகடும் போடுவாங்க.

உப்புத்தாள் | ஜனவரி 12, இரவு 9:30
வெள்ளி போட்டா நுனி கனமாகும். எலும்புக்கும் வெள்ளிக்கும் சுமார் ஒரு கிராம் வித்தியாசம் வரும். ஒரு கிராம்தானேனு விடாதீங்க, அது எங்க உக்காருதுங்கிறதுதான் விஷயம்.

அரை மில்லிமீட்டர் | ஜனவரி 12, இரவு 10:45
கணக்குப் போட்டுவிடலாம். வயலின் வில் 60 கிராம், நீளம் 74 செ.மீ., சமநிலைப் புள்ளி பட்டன் (ஸ்க்ரூவைத் திருகும் குமிழ்) முனையிலிருந்து 25 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். நுனி அதிலிருந்து ஏறக்குறைய 48 செ.மீ. தள்ளி இருக்கிறது. அங்கே 1 கிராம் ஏறினால் சமநிலை 48/61, அதாவது கிட்டத்தட்ட 8 மி.மீ. நுனிப்பக்கம் நகரும். கையில் உடனே தெரியும்.

அதே அளவு மாற்றம் பிடிப்பக்கத்தில் வேண்டுமானால்? வெள்ளிக் கம்பிச் சுற்று 65 மி.மீ., கம்பி 0.3 மி.மீ. என்றால் சுமார் 217 சுற்று. அங்கே குச்சியின் விட்டம் 8.3 மி.மீ. ஆக ஒரு சுற்றுக்கு 27 மி.மீ., மொத்தம் 5.9 மீட்டர் கம்பி, எடை 4.3 கிராம். அதை எடுத்துவிட்டு 1 கிராம் பட்டுநூல் சுற்றினால் 3.3 கிராம் குறைகிறது. அந்த இடம் சமநிலையிலிருந்து 15 செ.மீ. தூரம். நகர்வு 8 அல்லது 9 மி.மீ., அதுவும் நுனிப்பக்கம்தான். கம்பி அவிழ்ந்ததென்று நூல் சுற்றிவிட்டு “வில் செத்துவிட்டது” என்று சொல்பவர்கள் முதலில் தராசை எடுக்கட்டும்.

கருங்காலி | ஜனவரி 13, காலை 6:15
அப்போ ஸ்ப்ளைனும் எபாக்ஸியும் நுனியில எவ்வளவு ஏத்தும்?

அரை மில்லிமீட்டர் | ஜனவரி 13, காலை 6:50
அறுத்தெடுத்த மரத்தின் இடத்தில் மரமே வருகிறது. எபாக்ஸி ஒரு சொட்டு. 0.1 கிராம்கூட வராது. கவலை வேண்டாம்.

வில்முனை | ஜனவரி 16, இரவு 9:00
ஒட்டியாச்சு, ஸ்ப்ளைனும் இறக்கியாச்சு. இன்னொரு சந்தேகம். பின்னாடி இருந்து பார்த்தா குச்சி இடது பக்கம் வளைஞ்சிருக்கு. சூடு காட்டி நேராக்கலாம்னு இருக்கேன்.

உப்புத்தாள் | ஜனவரி 16, இரவு 9:04
நில்லுங்க!

உப்புத்தாள் | ஜனவரி 16, இரவு 9:40
சூடு காட்டுறது தப்பில்ல, குச்சியை வளைக்கிறதே அப்படித்தான். ஆனா வரிசை தப்பு. சூட்டுல சயனோ விட்டுடும், எபாக்ஸியும் இளகும். ஒட்டுறதுக்கு முன்னாடி நேராக்கியிருக்கணும். இனி தலையிலிருந்து 15 செ.மீ.க்குள்ள சூடு போகவே கூடாது. ஈரத் துணியைச் சுத்தித் தடுத்தாலும் நான் போக மாட்டேன்.

நடுவுல மட்டும்னா இப்படி: ஸ்பிரிட் விளக்கு, தீநாக்குக்கு 6, 7 செ.மீ. மேல குச்சி. 10 செ.மீ. நீளத்துக்கு முன்னும் பின்னும் நகர்த்திட்டே, உருட்டிட்டே இருக்கணும். ஒரு இடத்துல நின்னா பாலிஷ் கொப்பளிக்கும், அப்புறம் கருகும். விரல் வைக்க முடியாத சூடு வந்ததும் தோல் சுத்தின மரக்கட்டை மேல வச்சு எதிர்ப்பக்கம் மெதுவா அழுத்தி, ஆறுற வரைக்கும் அப்படியே பிடிங்க. ஆறுறதுக்கு முன்னாடி விட்டா பழைய இடத்துக்கே போகும். கொஞ்சம் கொஞ்சமா, ஒவ்வொண்ணுக்கும் நடுவுல ஒருநாள் இடைவெளி விட்டு. மறுநாள் கொஞ்சம் திரும்பி வளைஞ்சிருக்கும், அது இயல்பு. கார்பன் வில்லுல இந்த வேலையே கிடையாது, அதோட ரெசின் ஒருமுறை இறுகினது இறுகினதுதான்.

செல்லோக்காரி | ஜனவரி 17, காலை 10:10
சூட்டுக்கு முன்னாடி முடியைச் சந்தேகப்படுங்க. வாசிக்கிற பக்கத்து முடிதான் அதிகம் அறும். ஒரு ஓரம் காலியானா மிச்ச முடி எதிர் ஓரத்துல இருந்து இழுக்கும், குச்சி அந்தப் பக்கம் சாயும். புது முடி போட்டு முறுக்கிப் பார்த்துட்டு அப்புறம் வளைவைப் பத்தி முடிவெடுங்க. வயலினுக்கு 150 முதல் 200 இழை. பலம் வேணும்னு அதுக்கு மேல திணிக்காதீங்க. முடிக்கட்டு தடிச்சுரும், முளைக்கு இடம் இருக்காது, மறுபடி தலைக்குத்தான் ஆபத்து.

கருங்காலி | ஜனவரி 17, காலை 11:00
ஃப்ராக் பக்க ஆப்பும் அதே கதை. ஃபெரூலுக்குள்ள (ஃப்ராக் வாயில இருக்கிற உலோக வளையம்) முடியை விரிச்சுப் பிடிக்கிற ஆப்பு தடிமனா இருந்தா ஃப்ராக்கோட நாக்கு வெடிக்கும். கட்டைவிரல் அழுத்தத்துல முக்கால்வாசி போய், லேசா தட்டினா மிச்சம் போகணும்.

வில்முனை | ஜனவரி 17, இரவு 8:20
ஃப்ராக்குன்னு சொன்னதும்தான். ஸ்க்ரூ திருகினா ஒரு இடத்துக்கு மேல சும்மா சுத்துது. ஃப்ராக் லேசா ஆடவும் செய்யுது. எண்ணெய் விடலாமா?

கருங்காலி | ஜனவரி 17, இரவு 8:31
எண்ணெய் வேண்டவே வேண்டாம். மரத்துக்குள்ள ஊறி முடிக்குப் போகும். எண்ணெய் பட்ட முடியில ரோசின் (முடிக்குத் தேய்க்கிற பிசின்) ஒட்டாது.

சும்மா சுத்துறது ஐலெட் (ஃப்ராக்குல திருகியிருக்கிற, ஸ்க்ரூ உள்ள போற வளையம்) புரி தேஞ்சதால. ஸ்க்ரூ எஃகு, ஐலெட் பித்தளை. தேயட்டும்னுதான் பித்தளை. ஐலெட்டை மட்டும் மாத்தினா போதும், ஆனா புரி அளவு ஒவ்வொரு தயாரிப்புக்கும் வேற, அதனால ஸ்க்ரூவைக் கையில கொண்டுபோய் ஒப்பிட்டு வாங்குங்க. விரலால சுத்தினா தடையில்லாம முழு நீளமும் போகணும். பாதியில இறுகினா அது வேற புரி, திணிச்சா ஸ்க்ரூவும் போச்சு.

ஆட்டத்துக்கும் ஐலெட்தான் மருந்து. ஃப்ராக்குக்குள்ள இன்னும் உள்ள திருகினா ஃப்ராக் குச்சியோட நெருங்கும், வெளியே திருகினா விலகும். அரைச் சுற்று அரைச் சுற்றாத்தான் திருகணும், அப்பத்தான் துளை குச்சி வாட்டத்துல நிக்கும். ரொம்ப நெருங்கினா ஃப்ராக் நகரும்போது குச்சியைச் சுரண்டும், ஸ்க்ரூ இறுகும். உடனே அரைச் சுற்று பின்னாடி. ஸ்க்ரூ புரியில மெழுகுவத்தியை ஒரு தடவை தேய்ங்க, வழுக்கலா இருக்கும்.

உப்புத்தாள் | ஜனவரி 18, காலை 7:30
அதைச் செய்றதுக்கு முன்னாடி குச்சியோட பின்முனையைப் பாருங்க. பட்டன் உக்கார்ற இடத்துல ஸ்க்ரூ துளையைச் சுத்தி மயிரிழை விரிசல் இருக்கா? துளை நீள்வட்டமா தேஞ்சிருந்தா ஸ்க்ரூ சாய்வா இழுக்கும், எத்தனை ஐலெட் மாத்தினாலும் தேயும். துளையைப் பெரிசாக்கி, பெர்னாம்புகோ குச்சியில முளை செஞ்சு ஒட்டி, நடுவுல மறுபடி துளை போடணும். லேத் இல்லாம நேரா போடுறது கஷ்டம், கைத்துரப்பணத்தோட இறங்காதீங்க.

இசைப்பெட்டி | ஜனவரி 20, மாலை 5:00
எல்லாம் சரி, எங்க வில்லுல முடி தானா நடுவுல அறுந்து தொங்குது. வாசிக்கவே இல்லை.

செல்லோக்காரி | ஜனவரி 20, மாலை 5:06
பூச்சி. கம்பள வண்டோட புழு இருட்டுப் பெட்டியில குதிரை முடியைத் தின்னும். பெட்டியைத் தூசி உறிஞ்சியில சுத்தம் பண்ணி, ரெண்டு மூணு நாள் திறந்து வெளிச்சத்துல வைங்க. முடியை மாத்துங்க. அடிக்கடி திறக்கிற பெட்டிக்கு அது வர்றதில்ல.

இசைப்பெட்டி | ஜனவரி 20, மாலை 5:30
முடியை ஸ்பிரிட்ல துடைச்சா புழு சாகாதா?

அரை மில்லிமீட்டர் | ஜனவரி 20, இரவு 7:15
முடிக்குப் பிரச்சினை இல்லை. ஸ்பிரிட் ஒரு சொட்டு குச்சியில் பட்டால் அரக்கு பாலிஷ் கரைந்துவிடும். ஃப்ராக்கைக் கழற்றி, குச்சியை விட்டு முடியைத் தள்ளிப் பிடித்து, கீழே துணி போட்டுத்தான் துடைக்க வேண்டும். பூச்சிக்கு அது தீர்வும் அல்ல, முட்டை பெட்டியின் துணி மடிப்பில் இருக்கும்.

வில்முனை | ஜனவரி 27, இரவு 9:45
பாப்லார் முளை, புது முடி, புது ஐலெட். இடது வளைவு புது முடி போட்டதும் பாதி குறைஞ்சிருக்கு, மிச்சத்தை விட்டுட்டேன். முழுசா முறுக்கிப் பார்க்க பயமா இருக்கு. எப்படி ஆரம்பிக்கலாம்?

உப்புத்தாள் | ஜனவரி 27, இரவு 10:10
எபாக்ஸி ஒரு வாரத்துக்கு மேல ஆகிருச்சு, நல்லது. முதல் நாள் முடி குச்சியை விட்டு 3 மி.மீ. விலகுற அளவுக்கு முறுக்கி அரை மணி நேரம் வைங்க. தளர்த்துங்க. முன்முகட்டுல ஸ்ப்ளைன் ஓரத்தைப் பூதக்கண்ணாடியில பாருங்க, புதுசா வெள்ளைக் கோடு தெரியக் கூடாது. மறுநாள் 5 மி.மீ. மூணாம் நாள் வாசிக்கிற இறுக்கம், ஆனா நுனியில அடிச்சு வாசிக்காதீங்க. கோடு தெரிஞ்சா அங்கேயே நிறுத்தணும்.

வில்முனை | ஜனவரி 30, இரவு 9:20
மூணு நாளும் ஆச்சு. கோடு இல்லை.

செல்லோக்காரி | ஜனவரி 30, இரவு 9:26
ராத்திரி தளர்த்தி வைங்க. ஃப்ராக்கை முழுசா முன்னாடி தள்ளிப் பார்த்தீங்களா, முடி தொங்குதா?

வில்முனை | ஜனவரி 30, இரவு 9:31
தொங்குது.